பழுப்பும் ஊதாவும்

ஜெஸீமாவை நான் "டொக்டர்" என்று கூப்பிட வேண்டியிருந்தது. மாத்தளையில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் ஆறு வருடம் அருகருகே உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். பல்கலைக்கழகப் பரீட்சையில் அவளுக்கு மருத்துவம் கிடைத்தது. எனக்குச் சில புள்ளிகள் குறைந்தன. விஞ்ஞானப் பட்டம் எடுத்தேன். அவள் மார்புநோய் கிளினிக்குக்கு டொக்டராக வந்தபோது, அங்கே பரிசோதனைக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமாகியிருந்தது.

"லட்சுமி, நீ இங்கயா? அப்ப எனக்குப் பயமில்ல" என்றாள் முதல் நாள்.

மனதாரத்தான் சொன்னாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

காசநோயாளிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்பது அப்போது புதிய முறை. ஜெஸீமா அதை முழுதாக நம்பினாள். ஆனால் பாஸ் என்ற குளிசையை ஒரு நாளைக்கு இருபதுக்கு மேல் விழுங்க வேண்டும். வயிறு எரியும், குமட்டும். பலர் சாக்கடைக் கானில் எறிந்துவிடுவார்கள். எறிகிறார்களா, விழுங்குகிறார்களா என்று பார்ப்பது என் வேலை. சிறுநீரில் பெரிக்குக் குளோரைட்டு சில துளி விட்டால், பாஸ் சாப்பிட்டவருடையது செம்பழுப்பாகும். படிவத்தில் "உண்டு" அல்லது "இல்லை" என்று எழுதுவேன். ஜெஸீமா அதைப் பார்த்து மருந்து தருவாள்.

பலாபத்வலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் கிருஷ்ணம்மாவின் சிறுநீர் ஒரு நாள் சோதனைக் குழாயில் ஊதாவாகியது. ஆஸ்பிரின்தான் அப்படி ஊதா நிறம் காட்டும். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"வாங்குல பக்கத்துல இருந்த ஒரு அக்கா சொல்லிக் குடுத்தாங்க மிஸ்ஸி" என்றாள். "கிளினிக் வர்ற அன்னைக்குத் தலவலி மாத்திர ரெண்டு போட்டா போதும், தண்ணி கறுத்துரும்னாங்க. அந்தப் பெரிய மாத்திரய தின்னா வாந்தியா வருது, கொழுந்து எடுக்க முடியல. சொல்லிராதீங்க மிஸ்ஸி. தெரிஞ்சா கொழும்புப் பக்கம் ஆஸ்பத்திரில கொண்டு போய்ப் போட்டுருவாங்க. பிள்ளைங்க ரெண்டும் என்கூடத்தான் படுக்குது."

சரி என்றேன். படிவத்தில் "உண்டு" என்று எழுதினேன். என் குறிப்புப் புத்தகத்தில் மட்டும் திகதியிட்டு "ஊதா" என்று எழுதிக்கொண்டேன்.

அவள் கெஞ்சியதால் மறைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய். மாதக் கடைசிச் சனிக்கிழமை மாவட்டத்து டொக்டர்கள் கூடுவார்கள். அந்த மாதம் பேசப் போவது ஜெஸீமா. அவள் தன் வெற்றியைச் சொல்லி முடிக்கும் நேரத்தில், அது பிழை என்று நான் காட்ட வேண்டும். அதற்காக மூன்று கிழமை, இருபத்தொரு நாள், வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் ஆறு டொக்டர்கள் இருந்தார்கள். சோதனையைச் செய்து காட்டுவதற்கு என்னையும் வரச் சொல்லியிருந்தாள் ஜெஸீமா. சுவரோரமாகக் குழாய்களோடு நின்றேன்.

"நாப்பது பேர்ல முப்பத்தெட்டுப் பேர் ஒழுங்கா மருந்து எடுக்கிறாங்க" என்றாள். "ஒருத்தரைப் பத்தித்தான் உங்ககிட்டக் கேக்கணும். கிருஷ்ணம்மா. மருந்து எடுக்கிறா, சோதனை சொல்லுது. ஆனா சளியில இன்னும் கிருமி இருக்கு. மருந்து அவளுக்குக் கேக்கல போல."

மூத்தவரான டொக்டர் நடராஜா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான் முதல்லயே சொன்னேன். வீட்டு வைத்தியம், விளையாட்டு வைத்தியம். மருந்து கேக்காட்டி என்ன? கொழும்புக்கு அனுப்புவோம். நுரையீரல்ல கெட்ட பகுதிய வெட்டி எடுக்கட்டும்."

"நடராஜா நோயாளிய நம்ப மாட்டார், ஆஸ்பத்திரிக் கட்டிலத்தான் நம்புவார்" என்றார் டொக்டர் அப்துல் ஸமத். டவுனில் சொந்த டிஸ்பென்சரி வைத்திருப்பவர்.

"நீங்க இருமல் பாணிப் போத்தல நம்புற மாதிரி" என்றார் நடராஜா.

சிரித்தார்கள். ஜெஸீமா சிரிக்கவில்லை. "வேற வழி இல்லாட்டி திங்கட்கிழமை அனுப்புறேன்" என்றாள்.

வெட்டுவார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை. தயார் செய்து வைத்திருந்த வசனம் மறந்துபோயிற்று. மேசைக்குப் போய் மூன்று குழாய்களிலும் பெரிக்குக் குளோரைட்டை விட்டேன். ஒன்று செம்பழுப்பு. மற்ற இரண்டும் ஊதா.

"முதலாவது பாஸ் சாப்பிட்டவருடையது" என்றேன். "ரெண்டாவது கிருஷ்ணம்மா இந்தக் கிழமை கிளினிக்ல தந்தது. மூணாவது, பாஸ் சாப்பிடாம ஆஸ்பிரின் மட்டும் சாப்பிட்டவருடையது."

நடராஜா மூன்றாவது குழாயை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "இது யாருடையது?"

"என்னுடையது."

அப்துல் ஸமத் தொண்டையைச் செருமிக்கொண்டு தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. ஜெஸீமாவைப் பார்த்தேன். மூன்று கிழமையாக நான் எதிர்பார்த்திருந்த முகம் அங்கே இல்லை.

"அப்ப அவ மருந்தே எடுக்கல" என்றாள். "வெட்ட வேணாம். லட்சுமி, வெட்ட வேணாம்."

"இருபது குளிசைய நடராஜாவுக்கு ஒரு நாள் குடுத்துப் பாருங்க, அவரும் எறிவார்" என்றார் அப்துல் ஸமத். பாஸுக்குப் பதிலாக நாளுக்கு ஒன்றே போதுமான ஒரு புதுக் குளிசை வந்திருப்பதைப் பற்றிப் பேச்சுத் தொடங்கியது. அதைக் கிருஷ்ணம்மாவுக்குக் கொடுத்துப் பார்க்க நடராஜாவும் சம்மதித்தார். "கண்டுபிடிச்சது லட்சுமி, அதையும் எழுதிக்கொள்ளுங்க" என்றாள் ஜெஸீமா. எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள்.

கூட்டம் முடிந்ததும், அங்கே வாசித்த தன் கட்டுரையைத் திருத்துவதற்கு என் குறிப்புப் புத்தகத்தைக் கேட்டாள். கொடுக்காமல் இருக்க வழியில்லை. பக்கத்தைப் புரட்டியவள் திகதியில் விரலை வைத்தாள்.

"மூணு கெழமைக்கு முந்தியே தெரியுமா?"

"சொல்ல வேணாம்னு கிருஷ்ணம்மா கேட்டுக்கிட்டா, டொக்டர்."

"அதுக்காகவா?"

நான் குழாய்களை எடுத்துப் பெட்டியில் அடுக்கினேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடித் தந்தாள். "அவட பிள்ளைகள் ரெண்டையும் திங்கட்கிழமை கூட்டிட்டு வரணும். நீயே போய்ச் சொல்லு."

போனேன். திங்கட்கிழமை கிருஷ்ணம்மா பிள்ளைகளோடு வந்து புதுக் குளிசையை வாங்கிக்கொண்டாள். என்னைக் கோபிக்கவில்லை. நோய் தொற்றியிருந்தால் தோல் தடித்துக் காட்டும் சோதனை ஊசியைப் பிள்ளைகளின் கையில் போட்டோம். மூன்றாம் நாள் பெரியவனின் கை அப்படியே இருந்தது. இரண்டு வயதுச் சின்னவளின் கை சிவந்து தடித்திருந்தது. அளவுகோலை வைத்து அளந்து எழுதினேன். எக்ஸ்ரேயில் நெஞ்சில் ஒரு நிழல்.

"முந்தியே பிடிச்சிருக்கும், லட்சுமி" என்றாள் ஜெஸீமா. "தாய் ஒரு வருஷமா இருமுறா."

இருக்கலாம். அந்த மூன்று கிழமைக்கு முன்பா, அதற்குள்ளா என்று சொல்லக்கூடிய பரிசோதனை எதுவும் எங்களிடம் இல்லை.

பிள்ளை என் மடியில் வீறிட்டது. ஜெஸீமா வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நடந்தாள். சற்று நேரத்தில் அழுகை நின்றது. அந்த நிமிடத்திலும், அவளிடம் போய் அது அடங்கியதைப் பார்க்க எனக்கு எரிந்தது.