ஈரத்துணியின் கடைசிப் பாட்டு

திருப்பாதிரிப்புலியூர் தமிழ்ச்செல்வி ‘ஒன்ஸ் மோர்’ என்று கத்தினால் போன நான்கு நிமிஷம் திரும்பி வரும் என்பது 2022 ஆகஸ்டில், கடலூரில் ஒரு மண்டபத்தில், சனிக்கிழமை சாயங்காலம் தெரியவந்தது. அன்று வாசித்தது ‘ஈரத்துணி’ என்கிற குழு. மேல்பட்டாம்பாக்கத்துப் பையன்கள் நான்கு பேர், பாடகன் ஆசிக் வீட்டு மொட்டைமாடியில் துணி காயும் கொடிகளுக்கு நடுவே பழகியவர்கள், அதனால் அந்தப் பெயர். மூன்றாவது பாட்டு முடிந்ததும் தமிழ்ச்செல்வி நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினாள். குடித்த டீ கப்புக்குள் ஏறியது, வழிந்த வியர்வை உடம்புக்குள் போனது, சுவர்க் கடிகாரம் நான்கு நிமிஷம் பின்னால் வந்தது, பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. எல்லாம் மண்டபத்துக்கு உள்ளே மட்டும்தான். வெளியே ஊர் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வந்திருந்த நூற்றுப்பத்துப் பேரும் ஊரைவிட நான்கு நிமிஷம் பின்தங்கி வெளியே வந்து, பஸ் போய்விட்டது என்று சலித்துக்கொண்டார்கள்.

தமிழ்ச்செல்விக்கு அப்போது முப்பத்தைந்து வயது. உரக்கடையில் பில் போடுகிறவள். வெள்ளிக்கிழமை மதியமே அவளுக்குக் கால் தரையில் பாவாது. பாண்டியில் மாடி ஹோட்டல், சென்னையில் ஏதோ கிடங்கு, திருச்சியில் காலேஜ் மைதானம் என்று எங்கே ஒரு புதுக் குழு கிதாரைத் தூக்கினாலும் அங்கே முதல் வரிசையில் நிற்பாள். சினிமாவில் வந்த பாட்டு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பெத்த அம்மாவுக்கே தெரியாத பேஸ் கிதார் வாசிப்பவன் பெயரெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கணவர் அன்புமணி சாது. எங்கே போகிறாய் என்று கேட்பதை விட்டுவிட்டு, எத்தனை மணிக்குச் சாப்பாடு எடுத்துவைக்கணும் என்று மட்டும் கேட்பார்.

சங்கதி பரவியதும் ஊர் சும்மா இருக்குமா? பாட்டு என்றால் என்னவென்றே தெரியாத பெண்கள் எல்லாம் இளமை கூடும் என்று வந்து உட்கார்ந்தார்கள். ஞானசேகரன் என்பவர் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கார் விருத்தாசலம் தாண்டி நின்றுவிட, முகூர்த்தம் போய்விடக்கூடாது என்று தமிழ்ச்செல்வியை ஆட்டோ வைத்துத் தூக்கிவந்தார். மண்டபத்துக் கடிகாரம் பின்னால் போனால் போதும், ஐயர் அதைப் பார்த்துத்தான் தாலி எடுத்துக்கொடுப்பார் என்பது அவர் கணக்கு. நாதஸ்வரம் முடிந்ததும் அவள் தொண்டை கிழியக் கத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. பாட்டு அவளை உலுக்கியிருந்தால்தான் நேரம் அசையும், ஒப்புக்குக் கத்தினால் அசையாது என்று அன்று ஊருக்குப் புரிந்தது. ஞானசேகரன் இன்றுவரை அவளோடு பேசுவதில்லை.

2024 ஜூனில் ஈரத்துணி கலைந்தது. டிரம்மர் குரூப் ஃபோர் பாஸ் செய்து திட்டக்குடி தாலுகா ஆபீசில் சேர்ந்துவிட்டான். ஆசிக்குக்குத் தோஹாவிலிருந்து விசா வந்துவிட்டது. கடைசி நிகழ்ச்சி சிதம்பரம் மேல வீதியில் ஒரு கல்யாண மண்டபத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு. ஆசிக் அங்கிருந்தே ஐந்து ஐம்பது ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போய், விடியற்காலை விமானம் ஏறவேண்டும். அவன் அம்மா சர்புன்னிசா முதல் வரிசையில் பெட்டியை முழங்காலோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவர் ரஃபியுதீனை இருபத்திரண்டு வருஷம் அதே தோஹாவுக்குக் கொடுத்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு மாதம் மட்டும் பார்த்தவர் அவர்.

கடைசிப் பாட்டு நாலு நாற்பதுக்கு ஆரம்பித்து நாலு நாற்பத்தி நாலுக்கு முடிந்தது. தமிழ்ச்செல்வி கத்தினாள். பாட்டு திரும்பி வந்தது. முடிந்தது, மறுபடியும் கத்தினாள். இந்தக் குழு இல்லாமல் வரப்போகிற சனிக்கிழமைகளை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மூன்று, நான்கு, ஏழு. சுவரில் மணி நாலு நாற்பதைத் தாண்டுவதும் திரும்புவதுமாக இருந்தது, ஜன்னலில் வெயில் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. ஒன்பதாவது தடவை வார்த்தை அவள் வாயிலிருந்து வரும் முன்னே ஆசிக் மைக்கில் கெஞ்சினான்.

“அக்கா, வண்டி போயிடும்க்கா.”

அவள் கத்தினாள். பத்தாவதும் கத்தினாள், பதினொன்றாவதும் கத்தினாள். அந்தப் பதினொன்றில் ஆசிக் பாடும்போது கூட்டத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைத்தான் பார்த்தான். சுருதி பிசகவில்லை, ஒரு சொல் விடுபடவில்லை, ஆனால் பாட்டில் அவன் இல்லை. தமிழ்ச்செல்விக்கு அது பளிச்சென்று தெரிந்தது. போதும் என்று அவள் உட்காரப் போனபோது பக்கத்திலிருந்து ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. சர்புன்னிசா.

“இன்னொரு வாட்டி கேளும்மா,” என்றார் மெதுவாக. “ஒரே ஒரு வாட்டி.”

இத்தனை நேரமும் அந்த அம்மாள் தன்னைச் சபித்துக்கொண்டிருப்பார் என்றுதான் தமிழ்ச்செல்வி நினைத்திருந்தாள். எழுந்து நின்று, உடம்பில் இருந்த அத்தனை பலத்தையும் கூட்டிக் கத்தினாள். ஆனால் அது அம்மாவுக்காகக் கத்தியது, பாட்டுக்காகக் கத்தியது அல்ல. கடிகாரம் நாலு நாற்பத்தி ஐந்துக்குப் போனது. ஆசிக் மேடையிலிருந்து குதித்து, அம்மாவின் நெற்றியில் முத்தம் வைத்து, பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். வெளியே மணி ஐந்து இருபத்தொன்பது. ரயிலைப் பிடித்துவிட்டான். தமிழ்ச்செல்வி மண்டபத்துப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள், சர்புன்னிசாதான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

அன்று வந்தவர்களின் செல்போன்கள் தெருவில் இறங்கியதும் தாமாகச் சரியாகிவிட்டன. கைக்கடிகாரம் கட்டியவர்கள் முள்ளைத் திருப்பிக்கொண்டார்கள். சர்புன்னிசா திருப்பவில்லை. தொழுகைக்கு மட்டும் பாங்கு சத்தத்தைக் கேட்டுக்கொள்வார், மற்றதெல்லாம் அந்தக் கடிகாரப்படிதான். இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, பாண்டியில் ஆறு மணிக்கு ஒரு புதுக் குழுவைக் கேட்கப் போகுமுன், தமிழ்ச்செல்வி மேல்பட்டாம்பாக்கத்தில் இறங்கி அவரைப் பார்த்தாள். செல்போனில் மணி நாலு ஐம்பது. ஆசிக் தினமும் பேசுகிறானாம், அங்கே வெயில் ஜாஸ்தியாம். டீயைக் குடித்துவிட்டு எழுந்தவள், கடிகாரம் நாற்பத்தி நாலு நிமிஷம் பின்னால் ஓடுகிறதே, திருத்தித் தரட்டுமா என்று கேட்டாள்.

சர்புன்னிசா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “வேணாம்மா. இதுல மணி நாலு ஆறுதான் ஆவுது. அவன் இன்னும் கடைசிப் பாட்ட ஆரம்பிக்கவே இல்ல.”

தமிழ்ச்செல்வி எட்டிப் பார்த்தாள். நாலு ஆறுதான். பாட்டுக்கு இன்னும் முப்பத்தி நாலு நிமிஷம் இருந்தது. பாண்டி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து சர்புன்னிசாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.