ராஜினாமாக் கடிதம் யார் எழுதியது

திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் மாதம் ஒருமுறை சிறுகதைக் கூட்டம் நடக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்ட கதை அழகியநம்பி எழுதியது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அதிகாரி அவர். மனைவி கிருஷ்ணவேணி மூன்றாவது வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வரவில்லை என்றுதான் சொல்லிப் பார்த்தாள். "எழுதினவன் பெண்டாட்டி வரல்லன்னா நாலு பேரு என்ன நினைப்பாங்க" என்று கூட்டிவந்துவிட்டார்.

கதையில் ஒரு கணவன் 'நான்' என்று பேசுகிறான். அவன் மனைவி டீச்சர். குழந்தை பிறந்ததும் அவளாகவே வேலையை விடுகிறாள். வீட்டில் நிம்மதியாக இருக்கிறாள். பிறகு ஒருநாள், என்ன காரணமோ, அவனோடு பேசுவதை நிறுத்திவிடுகிறாள்.

கிருஷ்ணவேணியும் டீச்சராக இருந்தவள். ஹாலில் பாதிப் பேருக்கு அது தெரியும்.

கல்லூரியில் தமிழ் நடத்தும் சுஜா பேச எழுந்தாள்.

"கதையைச் சொல்றது கணவன். அவன் பாத்தது, கேட்டது மட்டும்தான் அவனால சொல்ல முடியும். ஆனா ரெண்டாம் பக்கத்துல, 'அடுக்களையில் அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள்'னு வருது. அப்ப அவன் முன்னறையில பேப்பர் படிச்சிட்டிருக்கான். மூச்சு எப்படிக் கேட்டது? நிம்மதின்னு எப்படித் தெரிஞ்சது?"

சிலர் சிரித்தார்கள். அழகியநம்பியும் சிரித்தார்.

"பத்துப் பக்கத்துல அவ ஒரு வார்த்தை பேசல்ல. அவளாவே வேலையை விட்டாள்னு அவன் சொல்றதை நாம நம்பணுமா? அக்கா, நீங்க சொல்லுங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கதை நன்றாயிருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம் என்றுதான் கிருஷ்ணவேணி எழுந்தாள்.

"ராஜினாமாக் கடிதத்தை அவ எழுதல்ல," என்றாள். "அவருதான் எழுதினாரு. தேதியும் போட்டு வச்சிருந்தாரு. அவ பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு இருந்தா. ஒத்தைக் கையால கையெழுத்துப் போட்டா."



"என் வீட்டுக்காரி என்னைவிட நல்லா கதை கட்டுவா," என்றார் அழகியநம்பி. ஹால் சிரித்து ஓய்ந்தது. டீ வந்தது.

பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் விட்டு, மடியில் பையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டு விழும் என்று காத்திருந்தாள். கரமனை வந்தும் விழவில்லை.

"அந்தக் கடிதம் விஷயம் நல்லா இருக்கு, கேட்டியா," என்றார். "தொகுப்பு வரும்போது கதையில சேக்கப்போறேன். 'நான்தான் எழுதினேன்'னு அவனே ஒத்துக்கிடுகான். கதைக்குக் கனம் வரும்."

"அவ என்ன சொல்லுவா?"

"யாரு?"

"அவ."

"அவ சொல்லுகதுக்கு என்ன இருக்கு? கதையைச் சொல்லுகது அவன்லா."

பஸ் நெரிசலில் நின்றுவிட்டது. இறங்கி நடந்துவிடலாம் போலிருந்தது. அதற்கும் அவர் காலை ஒதுக்கி வழிவிட வேண்டும்.

மூன்று மாதத்தில் புத்தகம் வந்தது. தன் தப்பைத் தானே சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும் என்று பலர் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். ஒருநாள் மேஜைமேல் அவர் ஃபோன் அடித்தது. கிருஷ்ணவேணி எடுத்தாள். சுஜா.

"அக்கா, அந்தக் கடிதம் நீங்க அன்னைக்குச் சொன்னதுதானே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அழகியநம்பி வந்து, முகம் துடைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கையை நீட்டினார்.

"இதோ, அவருகிட்ட குடுக்கேன்," என்றாள்.