ஒரு மாடும் குறையாத கோடை

மூச்சு வாங்க மலையேறி வந்த மாட்டுச் சொந்தக்காரர் மோசர், முதுகுக் கூடையை இறக்கி வைத்ததும் முதல் காரியமாக மாடுகளை எண்ணினார். குடிசை வாசலில் மேய்ப்பவன் காஸ்பரின் பெண்டாட்டி புர்கி என்று ஒருத்தி நிற்பது அவர் கண்ணில் படவே இல்லை. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை எண்ணிவிட்டுத் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஒண்ணுகூடக் குறையல! காஸ்பர், நீ ராசாடா. போன வருஷம் ஒண்ணு பள்ளத்துல போச்சு, அதுக்கு முந்தி இடி விழுந்து ஒண்ணு. ரெண்டு வருஷமா மாட்டை மொட்டையா இறக்கிட்டு ஊருக்குள்ள தலை நிமிர முடியல. இந்த வருஷம் ஜோடிச்சு இறக்குறோம். முன்னால நடக்குற மாடு நம்ம லீசலுக்குப் பெரிய கிரீடம்!"

கூடை நிறைய வண்ணக் காகிதம், சரிகை நாடா, கிரீடத்தின் நடுவில் பதிக்க ஒரு கண்ணாடி. கோடை முழுக்க மேலே மேய்ந்த மாடுகள் இலையுதிர் காலத்தில் ஊருக்கு இறங்கும்போது ஒரு சாவும் இல்லாதிருந்தால்தான் அலங்காரம். மாடு செத்திருந்தாலும், மேய்ப்பவன் வீட்டில் ஆள் செத்திருந்தாலும் மணி மட்டும்தான். முன்னால் வரும் மாட்டின் கழுத்தில் ஒரு கறுப்பு நாடா. ஊர்க்காரர்கள் தூரத்திலிருந்தே அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

"ஏம்மா புர்கி, என்ன ஆள் பாதியாயிட்ட? மலைக்காத்து ஒத்துக்கலையா?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல மொதலாளி," என்று காஸ்பர் முந்திக்கொண்டான்.

அந்த ஒன்றுமில்லாதது ஆறு மாதம் அவள் வயிற்றில் இருந்தது. புல் அறுக்கும் நாட்களில், புருஷனும் பெண்டாட்டியும் தவிர மலையில் ஓர் ஆள் இல்லாதபோது, உயிரில்லாமல் வெளியே வந்துவிட்டது. அவள் நினைவு தப்பிக் கிடந்தாள். கண் விழித்தபோது காஸ்பர் அதை ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போடும் தன் சட்டையில் சுற்றிக் குடிசைக்குப் பின்னால் இருக்கும் லார்ச் மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து பால் கறந்துகொண்டிருந்தான். திருமுழுக்கு ஆகாத பிள்ளைக்கு ஊர்க் கல்லறையில் இடம் கிடையாது. மாட்டு மடியும் யாருக்காகவும் காத்திருக்காது.

"பையனா, பொண்ணா?" என்று கேட்டாள்.

"பாக்கல. இருட்டா இருந்துச்சு. இத யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காத."

அதோடு சரி. பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவான். அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு அவள் பார்க்கவில்லை. பெற்றவளுக்குப் பிள்ளை ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. இதைவிட ஒரு கொடுமை இருக்கிறதா என்ன?

மோசர் இறங்கிப் போனார். புர்கி உட்கார்ந்து காகித ரோஜா செய்தாள். ஒவ்வொரு பூவும் அவள் நெஞ்சில் குத்தியது.

"காஸ்பர், லீசலுக்குக் கறுப்பு நாடா கட்டுவோம்."

"என்னன்னு சொல்லிக் கட்டுறது? பேரு வெச்சமா, முழுக்குக் குடுத்தமா? மாடு மோசரோடது, கிரீடமும் மோசரோடது. ஊரு நம்மள கேக்காது புர்கி, மாட்டைத்தான் கேக்கும்."

"நீ கல்லு. உனக்கு மாடு குறையலன்னா போதும்."

அவன் எழுந்து தொழுவத்துக்குப் போனான்.

இறங்கும் நாளன்று காலையில் புல்லெல்லாம் உறைபனி. காஸ்பர் ஜன்னல்களை அடைத்து ஆணி அடித்தான். புர்கி மரத்தடிக்குப் போனாள். சுற்றிலும் மற்ற மரங்கள் பச்சையாக நிற்க, லார்ச் மட்டும் வெட்கமில்லாமல் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தது. அடையாளத்துக்கு வைத்திருந்த கல் உதிர்ந்த இலைக்குள் பாதி மறைந்துவிட்டது. துடைக்கக் குனிந்தவள், போர்வையாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். இத்தனை நாளும் அவளுக்கும் அதற்கும் இடையில் ஒரு சுவர்தான். ராத்திரி அந்தச் சுவரோரமாகத்தான் படுப்பாள். இனிமேல் இங்கே யார் இருக்கிறார்கள்? இன்னும் சில நாளில் பனி ஆள் உயரத்துக்கு மூடும்.

"அதுக்குக் குளிருமே," என்றாள், பின்னால் வந்து நின்ற காஸ்பரிடம்.

"நேரமாச்சு, வா."

அந்த நிமிடம் அவனை அடியோடு வெறுத்தாள்.

முன்னால் காஸ்பர், அவன் பின்னால் கிரீடம் சூடிய லீசல், அதன் பின்னால் பூச்சூடிய மாடுகள், கடைசியில் கம்போடு புர்கி. மணிச்சத்தம் மலையை நிறைத்தது. வழியெல்லாம் காஸ்பர் திரும்பித் திரும்பிப் பார்த்தான். மாடுகளை எண்ணுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். எண்ணட்டும், அதற்குத்தானே கூலி.

கடைசி வளைவில் ஊர்க் கோவில் தெரிந்தது. கீழே பாண்டு வாத்தியம் ஆரம்பித்துவிட்டது. ஊரே தெருவில் நின்று கைதட்டியது. காஸ்பர் நின்றான். லீசலின் கொம்பிலிருந்து கிரீடத்தை அவிழ்த்தான். மாடுகளை விலக்கிக்கொண்டு வந்து அதைப் புர்கியின் கையில் கொடுத்தான். திரும்பிப் போய்த் தன் தொப்பியைச் சுற்றியிருந்த கறுப்பு நாடாவை உருவி லீசலின் மணிவாரில் கட்டினான். முடிச்சு விழவே நேரமானது.

கைதட்டல் நின்றது. மோசர் மேட்டில் ஓடிவந்தார்.

"அட மடப்பயலே, நல்ல நாளும் அதுவுமா என்னடா பண்ற? எது செத்துச்சு? நான் பாத்துட்டு வந்தப்பறம் எது செத்துச்சு?" கையை நீட்டி நீட்டி எண்ணினார். "எல்லாம் இருக்கேடா!"

"மாடெல்லாம் இருக்கு மொதலாளி," என்றான் காஸ்பர். "எங்க பையன்தான் மேலயே தங்கிட்டான்."

மோசரின் நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்லத் தொப்பியைக் கழற்றினார். வாத்தியமும் ஓய்ந்துவிட்டது.

புர்கி மாடுகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பையனா?"

"பையன்." அவன் முகம் கோணியது. "முழுசா இருந்தான் புர்கி. உன் மூக்குதான். சொன்னா நீ மண்ணைத் தோண்டிருவன்னு பயந்தேன்."

சொன்னவன் லீசலின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. மற்ற மாடுகள் தொழுவத்து வாசனையைப் பிடித்துவிட்டன. பூவோடும் மணியோடும் அவர்களைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் இறங்கின. புர்கி மலையைத் திரும்பிப் பார்த்தாள். மேலே லார்ச் மரம் இருந்த இடமே தெரியவில்லை. பனி கொட்டத் தொடங்கியிருந்தது.

கையிலிருந்த காகிதப் பூக்கள் நசுங்க அவள் பாதையிலேயே உட்கார்ந்தாள்.

"அவனுக்குக் குளிருமே, காஸ்பர்," என்றாள்.