சனிக்கிழமைச் சவரம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் முடிவெட்டப் போனேன். சலூன் பூட்டிக் கிடந்தது. மறுவாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் காலையிலேயே போய்ச் சலூன்காரரைப் பிடித்துக் கேட்டேன். சனிக்கிழமை மதியம் முதியோர் இல்லத்துக்குப் போய், படுக்கையில் கிடப்பவர்களுக்குச் சவரம் செய்துவிடுகிறாராம், காசு வாங்காமல். ஏன் என்று குடைந்தேன்.

"நான் கும்பிடுற இயேசு தன் சீடர்களோட காலையே கழுவிவிட்டிருக்கார். நான் தாடியாவது வழிச்சுவிட வேண்டாமா?" என்றார் சலூன்காரர்.

கதை கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். [அப்போது கத்தி என் காதருகே இருந்தது.]

2

தொடக்கம் ஒன்று: அன்பே உருவான அந்த மனிதர்—

வேண்டாம். இப்படித் தொடங்கினால் நானே படிக்க மாட்டேன்.

தொடக்கம் இரண்டு: சலூன்காரருக்குக் கோபம் வந்தது.

இது தேவலை. உண்மையிலேயே வந்தது. இல்லத்தில் ஜன்னலோரக் கட்டிலில் ஒரு லாரிக்காரர் இருந்தார். வயதாகி ஓய்ந்தவர், கைநடுக்கம், மூன்று மாதத் தாடி. சலூன்காரர் நெருங்கினாலே போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொள்வார். மற்றவர்கள் வாயார வாழ்த்தும்போது இவர் மட்டும் வேண்டாம் என்றால் மனுஷனுக்குச் சுருக்கென்று தைக்காதா? நான்காவது வாரத்திலிருந்து அந்தக் கட்டிலைத் திரும்பியும் பார்க்காமல் தாண்டிப் போனார். நன்றியை எதிர்பார்த்தா போகிறேன் என்று மனைவியிடம் இரண்டு முறை கேட்டாராம். எதிர்பார்க்காதவர் ஒரு முறைகூடக் கேட்டிருக்க மாட்டார்.

[அடிக்குறிப்பு: இதை எழுதிய பிறகுதான் எனக்கு அவரைப் பிடித்தது.]

3

லாரிக்காரர் ஏன் மறுத்தார்? நான் அவரை நாத்திகராக்கி, கடவுள் இருந்தால் என் கை ஏன் இப்படி நடுங்குகிறது என்று ஒன்றரைப் பக்கம் பேசவைத்தேன். அபாரமான வசனம். அடித்துவிட்டேன்; அவர் மறுத்த காரணம் அதுவல்ல.

ஒரு சனிக்கிழமை அவரே கூப்பிட்டார். ஆறு வருஷமாகப் பார்க்காத மகள் மறுநாள் வருகிறாளாம். இந்தக் கோலத்தில் பார்த்தால், அப்பாவைக் கவனிக்க ஆளில்லை என்று உடைந்துபோவாள். இப்போது மட்டும் நான் வேண்டுமா என்று சலூன்காரருக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு சோப்பு நுரையைத் தடவினார். பிறகு, எல்லாருக்கும் செய்வது போலவே, கத்தியை விரித்துப் பிடித்தபடி அவருக்காக ஜெபிக்கக் கண்ணை மூடினார்.

"தம்பி, இதுக்குத்தான் பயந்தேன்."

சலூன்காரர் கண்ணைத் திறந்தார்.

"நாப்பது வருஷம் லாரி ஓட்டினவன் நான். வேலையில கண்ணை மூடினதே இல்ல. நீங்க கத்தியும் கையுமா ஒவ்வொரு கட்டில்லயும் மூடுறீங்க."

தாங்களும் அந்நேரம் கழுத்தை உள்ளிழுத்துக்கொள்வதுண்டு என்று பக்கத்துக் கட்டில்காரர்களும் மெல்ல ஒப்புக்கொண்டார்கள். சலூன்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இன்றைக்கு ஜெபத்தை விட்டுவிடுகிறேன் என்றார்.

"அதை ஏன் விடணும்? மக வர்ற நேரம், எனக்கும் வேணும்தான். கத்தியை என்கிட்டக் குடுத்துட்டுப் பண்ணுங்க."

மடக்கிக் கொடுத்தார். லாரிக்காரர் அதை நடுங்கும் இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். ஜெபம் வழக்கத்தைவிட நீண்டது. அதில் சலூன்காரர் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். யாரிடம் என்று அவருக்கே தெளிவில்லை.

4

மகள் வரும் காட்சியை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் அழுகிறாள். ஒன்றில் அப்பாவின் கன்னத்தைத் தடவிச் சிரிக்கிறாள். மூன்றாவதில் அவள் ரயில்—

மூன்றையும் கிழித்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்நேரம் சலூன்காரர் சர்ச்சில் நாற்காலி வரிசை போட்டுக்கொண்டிருந்தார். மகள் வந்தாளா, என்ன சொன்னாள் என்று காத்திருந்து பார்க்க அவர் நினைக்கவே இல்லை. அவர் பார்க்காததை நான் மட்டும் எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை. நீங்கள் வேண்டுமானால் உள்ளே போய்க் கூட இருங்கள். லாரிக்காரர் காலை ஐந்து மணிக்கே எழுந்து, மழித்த முகத்தோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.