உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுபவை

1

"சீல் போட்டாச்சு, இனிமே பேசி என்ன—"

"யாரைக் கேட்டுடி போட்டே?"

"நீதானே போடுன்னே. நீ சொல்லித்தானே நான்—"

"உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா சொல்லியிருப்பேனா? பூவாம் பூ! உன்னை யாரு பூ வெட்டச் சொன்னா?"

"நல்லாத்தான் இருக்கு, நீ பார்த்தா—"

"நல்லா இருக்கா இல்லையான்னா கேட்டேன்? அது பூ வைக்கிற இடமாடி?"

"மெதுவாக்கா. டிரைவர் பார்க்கிறார்."

"பார்க்கட்டும். நீ செஞ்ச காரியத்தை ஊர் உலகமே பார்க்கட்டும்."

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். இந்தக் கதை எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிட்டால் மனசு லேசாகும். பல் டாக்டரிடம் காத்திருந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள். திரும்பிப் பார்க்க முடியாதபடி கன்னம் வீங்கியிருந்தது. "சீல் போட்டாச்சு" என்றாள் ஒருத்தி. "உன்னை யாரு பூ வெட்டச் சொன்னா?" என்றாள் மற்றவள். அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்தபோது பெஞ்சு காலி. பல் போயிற்று, அந்த இரண்டு வரியும் போக மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டன.

சண்டையில் மீதியெல்லாம் நான் சேர்த்தது, டிரைவர் உட்பட. எனக்குக் கதை காது வழியாகத்தான் வரும். முகமும் உடுப்பும் பிறகு வரும், சில சமயம் வராமலே போகும். இவர்களுக்கு இன்னும் முகம் வரவில்லை. அக்காளுக்குக் கட்டைக் குரல், வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள். தங்கை பாதியில் விட்டுவிடுவாள், மீதியை நீயே புரிந்துகொள் என்பதுபோல. பெரியவள், சின்னவள் என்றே கூப்பிடுகிறேன்.

2

முதல் வரிக்குப் பட்ட பாடு:

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு நீலப் பெட்டி மெல்ல (நீலம் எதற்கு? அடித்துவிட்டேன்.)

மரணத்தைச் சுமந்துகொண்டு அந்த வண்டி (சீச்சீ.)

இந்த வரிகளுக்கெல்லாம் முன்னால் எனக்கு விஷயமே தெரியாது. என் மகளைக் கட்டியவர் சரக்குக் கப்பல் ஆபீஸில் வேலை பார்க்கிறார். அவரைப் பிடித்தேன்.

"மாப்பிள்ளை, சீல் போட்டாச்சுன்னா என்ன அர்த்தம்?"

"எந்த சீல் அத்தை? பேப்பர்ல குத்தறதா, கன்டெய்னர்ல போடறதா?"

"பூ வெட்டறவங்க போடறது."

"கல்லு வேலையா இருக்கும். கல்லறைக் கல். எங்க ஆபீஸ்லகூடப் போகுமே, ஃபுல் கன்டெய்னர் லோடா."

அதென்ன என்றேன். ஒரு பெட்டி முழுக்க ஒருவருக்கே, பங்குக்கு வேறு யாரும் கிடையாது என்றார். காலிப் பெட்டி நம் வாசலுக்கு வரும். நாமே ஏற்றி, நாமே கதவைச் சாத்தி, நாமே சீல் போடவேண்டும். கட்டைவிரல் கனத்தில் ஓர் ஆணி. தாழ்ப்பாளில் ஒருமுறை அழுத்திவிட்டால் பிறகு வெட்டித்தான் எடுக்கமுடியும்.

"கல்லு கனம் அத்தை. பாதி உசரம் வர்றதுக்குள்ளயே எடை முட்டிடும். மேல பாதி காலியாத்தான் போகும், ஒண்ணும் ஏத்தக் கூடாது."

"பின்ன எதுக்கு ஃபுல்லுன்னு பேரு?"

"அது பெட்டிக்கு வச்ச பேரு இல்ல அத்தை, வாடகைக்கு வச்ச பேரு."

"சரி, உள்ள என்ன இருக்குன்னு கப்பல்காரன் பார்ப்பானா?"

"எங்க பார்க்கிறது? சீல் போட்டுத்தானே வருது."

"பார்க்காம எப்படிச் சரக்கு ரசீதுல கையெழுத்துப் போடறான்?"

"'உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுபவை'ன்னு எழுதிட்டுத்தான் போடறான். பொய்யா இருந்தா சொன்னவன் பாடு."

இந்த ஒரு வரிக்காகவே அவருக்கு இன்னொரு காபி போட்டுக் கொடுத்தேன். இத்தனை வருஷமாக நான் எழுதியதற்கெல்லாம் அடியில் போட்டிருக்கவேண்டிய வரி. மனுஷர்களுக்குள் இருப்பதாகச் சொல்லப்படுவதைத்தானே எழுதிக்கொண்டிருக்கிறேன். எவரையும் திறந்து பார்த்தவள் இல்லை.

3

இனி கதை.

பட்டறை அக்காள் தங்கை இருவருடையது. ஆர்டர் வாங்குவது, கல்லை மரப்பெட்டியில் அடிப்பது, கப்பலுக்கு அனுப்புவது பெரியவள். எழுத்து வேலை சின்னவள். அவளுக்குத் தனி அறை. கல்லின் முகத்தில் ரப்பர் ஷீட்டை ஒட்டி, எழுத்து வரவேண்டிய இடத்தை மட்டும் வெட்டி உரித்துவிட்டு, மெஷினில் மணலைப் பீய்ச்சுவாள். ரப்பர் மூடிய இடம் தப்பிக்கும், திறந்த இடம் குழியும். அறையிலிருந்து வரும்போது கண்ணிமையெல்லாம் வெள்ளையாக இருக்கும்.

அந்த முறை ஏற்றியதில் ஒரு ஜோடிக் கல். இடது பக்கம் கணவர், பிறந்த வருஷம், ஒரு கோடு, இறந்த வருஷம். வலது பக்கம் மனைவி, பிறந்த வருஷம், ஒரு கோடு. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. அந்தம்மாள் இருக்கிறார். கோட்டுக்கு அந்தப்பக்கம் அவருக்காக வழவழவென்று விட்டுவைக்கவேண்டும் என்று ஆர்டர்.

சின்னவள் அந்தக் காலி இடத்தில் ஒரு பூ வெட்டியிருந்தாள்.

பெரியவள் எப்படிக் கவனிக்காமல் விட்டாள் என்று நீங்கள் கேட்பீர்கள். மாப்பிள்ளையும் கேட்டார். அவள் ஒரு கல்லையும் பார்க்காமல் பெட்டியில் அடிக்க மாட்டாள். ஆனால் அவள் சரிபார்ப்பது இறந்தவர் பக்கத்தை. எழுத்துப்பிழை வந்தால் அங்கேதான் பிடித்துக்கொள்வார்கள், அழுதுகொண்டே திட்டுவார்கள். இருப்பவர் பக்கத்தில் பெயரையும் பிறந்த வருஷத்தையும் ஒரு பார்வை பார்த்துக் கோட்டோடு நிறுத்திவிடுவாள். காலி இடத்தில் என்ன பிழை வந்துவிடப்போகிறது?*

(*அச்சுக்குப் போகுமுன் நானும் அப்படித்தான் படிக்கிறேன். எழுதியதைப் பார்க்கிறேன், எழுதாமல் விட்டதைப் பார்ப்பதில்லை.)

கல்லுக்கு நுரைத்தாள் சுற்றி, மரப்பெட்டியில் அடித்து, ஃபோர்க்லிஃப்ட்டில் தூக்கி உள்ளே வைத்து, ஆடாமல் இருக்க இடுக்கெல்லாம் கட்டை கொடுத்து, கதவைச் சாத்தியாயிற்று. சீலை அழுத்தியது சின்னவள். டக்கென்று சத்தம் கேட்டதும், கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, அந்த ஜோடிக் கல்லுல ஒரு பூ வச்சிருக்கேன்."

சத்தம் கேட்கும்வரை காத்திருந்து சொன்னாள். பெரியவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

4

சின்னவள்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. எதற்காக வெட்டினாள்? முதல் பிரதியில் அவளைக் கணவனை இழந்தவளாக எழுதியிருந்தேன். இழந்தவள் இன்னொருத்திக்காக இரங்கினாள் என்று. கணக்குப் பார்த்து வைத்தமாதிரி இருந்தது. அடித்துவிட்டு அவளுக்கு ஒரு கணவனைக் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிடுகிறார், குறட்டை விடுகிறார், கதைக்கு ஒரு உபயோகமும் இல்லை. இருக்கட்டும்.

பிறகு பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருந்தால் அவர்கள் பேசுவார்கள்.

"அந்தம்மா உயிரோட இருக்காங்கக்கா. புருஷனைப் பார்க்கப் போறப்பல்லாம் பக்கத்துலயே தன் பேரு, ஒரு கோடு, அப்புறம் காலி. எப்ப வர்றே, எப்ப வர்றேன்னு கேக்கிற மாதிரி—"

"கேட்டா கேக்கட்டும். கேக்கிறது அவ புருஷன்தானே?"

"உனக்கு எல்லாம் வெளாட்டு."

"எனக்கா வெளாட்டு? அது அவ கேட்டு வாங்கின இடம்டி. அவர் பக்கத்துல தனக்கும் இடம் இருக்குன்னு பார்த்துட்டு வரத்தான் கேட்டிருக்கா. நீ அடைச்சுட்டே."

"அடைக்கல. அழகு பண்ணினேன்."

"நாளைக்கு அவ போய்ட்டா வருஷத்தை எங்க போடுவாங்க? பூவோட தலையிலயா?"

"அதை அப்பப் பார்த்துக்கலாம்—"

"அப்ப பார்க்க அவ இருக்க மாட்டாடி. அதனாலதான் இப்பவே சொல்லி வச்சிருக்கா."

கல்லில் வெட்டியதை அழிக்க முடியாது. முகம் முழுவதையும் இழைத்து இறக்கவேண்டும். கணவர் பெயரும் சேர்ந்து போகும்.

இந்த இடத்தில் நான் யார் பக்கம் என்று சொல்லவேண்டும். பெரியவள் பேசும்போது பெரியவள் பக்கம். சின்னவள் வாயைத் திறந்ததும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறேன். எழுதுகிறவளுக்கு இது நல்ல குணமா என்று தெரியவில்லை.

5

அந்தக் கல் கன்டெய்னரில் எங்கே இருக்கிறது என்பது என் கையில்தான் இருக்கிறது. கதவோரம் வைத்தேன். பெரியவள் சீலை வெட்டுவாள், ஒரு பெட்டியை இறக்குவாள், புதுச் சீல் போடுவாள், முடிந்தது.

மாப்பிள்ளை படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இவ்வளவு பெரிய கல்லைக் கதவுகிட்ட வைக்க மாட்டாங்க அத்தை. பாரம் பின்னாடி இழுத்துக்கிட்டுப் போயிடும்."

"ஒரு கதைக்காக வைக்கக் கூடாதா?"

"வைங்க. வண்டி கவுந்தா என்னைக் கேக்காதீங்க."

கல்லைத் தூக்கி உள்ளே, கோடிச் சுவரோடு வைத்தேன். எழுதுகிறவளுக்குத் தூக்குவது சுலபம். பெரியவளுக்கு இல்லை. இப்போது அந்தக் கல்லை எடுக்க அத்தனை பெட்டியையும் இறக்கியாகவேண்டும். துறைமுகக் கதவைச் சாத்திவிடுவார்கள், கப்பல் இவர்களை விட்டுவிட்டுப் போய்விடும். உள்ளே மற்ற வீட்டாரின் கற்களும் இருக்கின்றன. அவர்களும் அங்கே மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். போன தடவை தாமதமானதற்கே வாங்குகிறவர், இன்னொரு தடவை என்றால் வேறு பட்டறையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

டிரைவர் கண்ணாடி வழியாகக் கேட்கிறார்: "எடுக்கட்டுமா வேண்டாமா? ஒண்ணு சொல்லுங்கம்மா."

பெரியவள் கையில் போல்ட் கட்டர். அதன் வாயைத் திறந்து சீலின் கழுத்தில் வைத்தாயிற்று. கை நடுங்குகிறது. (கை நடுங்க வேண்டாம். அவள் கை நடுங்குகிற ஆள் இல்லை.)

6

எழுதிப் பார்த்த முடிவுகள்.

வெட்டுகிறாள். எல்லாவற்றையும் இறக்குகிறாள். பட்டறை போகிறது. நேர்மையான முடிவு, ஆனால் உள்ளே இருக்கிற மற்றக் கற்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

வெட்டவில்லை. வண்டி போகிறது. அங்கே அந்தம்மாள் கல்லைத் தடவிப் பார்த்து, இந்தப் பூ எனக்குப் பிடித்திருக்கிறது என்று ஃபோன் செய்கிறார். இதை எழுதி முடித்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. தன் இடம் பறிபோனதற்கு அவர் ஏன் நன்றி சொல்லவேண்டும்?

மாப்பிள்ளையைக் கேட்டேன்.

"பெட்டி போகட்டும் அத்தை. அந்த ஒரு கல்லை மட்டும் பொருத்த வேண்டாம்னு அங்க சொல்லிட்டு, புதுசா ஒண்ணு வெட்டி அடுத்த பெட்டியில அனுப்பலாமே."

நானும் யோசித்து யோசித்து இது தோன்றவில்லை. பெரியவளுக்குத் தோன்றியிருக்கும், கோபத்தில் மறந்திருப்பாள்.

"அப்ப என் கதை என்னாகிறது மாப்பிள்ளை?"

"கதைக்கென்ன, அதான் கப்பல் ஏறிடுச்சே."

7

கதை ஏறவில்லை.

சீலை வெட்டாமலே வண்டியை அனுப்பிவிட்டுப் பெரியவள் எழுத்தறைக்கு வந்தாள். தரையெல்லாம் மணல். சின்னவள் மெஷின் ஓரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அதே நிறத்தில் ஒரு கல் சுவரில் சாய்ந்திருந்தது, இன்னும் ஒரு எழுத்தும் படாதது.

"இதுல வெட்டு. ஆர்டர்ல இருக்கிற மாதிரியே. அந்த இடத்தைக் காலியா விடு."

"மாட்டேன்."

"என்னடி மாட்டேன்?"

"வேற ஆளை வச்சு முடிச்சுக்கோ. பேரு, வருஷம் எல்லாம் நானே வெட்டித் தர்றேன். அந்த இடத்தை மட்டும் நான் விட மாட்டேன்."

"விடறதுக்கு என்னடி வேலை இருக்கு? கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இருக்கணும். அதுகூட உன்னால முடியாதா?"

"ஒரு தடவை சும்மா இருந்தேன்ல? போதும்."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எந்தத் தடவை? எனக்குத் தெரியாது. பெரியவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் வாசல் நிலையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அத்தான் கல்லையா சொல்றே?"

"நீதானே கேட்டே. பக்கத்துல என் பேரையும் போட்டுடு, ரெண்டு வேலையா வேண்டாம்னு. காய் வாங்கிட்டு வான்னு சொல்ற மாதிரி சொன்னே. போட்டேன். உன் பேரு, உன் வருஷம், ஒரு கோடு." சின்னவள் இந்தத் தடவை பாதியில் விடவில்லை. "அங்க போறப்பல்லாம் நீ அத்தானைப் பார்க்கிறே. நான் அந்தக் காலியைத்தான் பார்க்கிறேன்."

பூவை அந்த அந்நியப் பெண்ணுக்காக வெட்டினாள் என்றே நான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். நான்காம் பகுதிக்குப் போய்த் திருத்தலாமா என்று பார்த்தேன். விட்டுவிட்டேன். சின்னவளும் அப்போது அப்படித்தான் நம்பியிருப்பாள்.

பெரியவள் உள்ளே வந்து, மணலைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"இங்க பாருடி. அந்த இடம் இருக்கிறதாலதான் நான் திரும்பி வீட்டுக்கு வர்றேன். துண்டு போட்டு இடம் பிடிச்சாச்சு, இனி அவசரமில்ல, மெதுவா ஏறிக்கலாம்னு. இல்லேன்னா அங்கேயே கிடந்திருப்பேன்."

சின்னவள் மெஷின்மேல் படிந்த மணலை விரலால் வழித்தாள்.

"அந்தம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும். அவளை வீட்டுக்குத் திரும்ப விடு."

சின்னவள் எழுந்து ரப்பர் ஷீட்டை எடுத்தாள். கல்லின்மேல் விரித்தாள், காற்றுக் குமிழியை உள்ளங்கையால் தள்ளினாள். இடது பக்கத்தை வெட்டினாள். வலது பக்கம் பெயர், வருஷம், கோடு. கோட்டுக்குப் பிறகு கத்தி அந்தரத்தில் நின்றது. ரப்பரின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள், கையை எடுத்தால் அது தானாக உரிந்துவிடும் என்பதுபோல.

அந்தம்மாளின் கல் சரியாகப் போய்ச் சேரும். அதை என் பொறுப்பில் எழுதித் தருகிறேன். பெரியவள் அதோடு எழுந்து போவாள் என்று நினைத்தேன். அவள் எழவில்லை. இன்னும் ஒன்று கேட்டாள். சின்னவளின் பதிலுக்காக நானும் நெடுநேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்தப் பதிலை எழுதினாலும் அது என் குரலாக இருந்தது, அவளுடையதாக இல்லை. உங்களுக்கு ஒரு தங்கையோ அக்காளோ இருந்தால் உங்கள் காதில் விழலாம். பெரியவள் கேட்டதை மட்டும் அப்படியே தருகிறேன்.

"என் வருஷத்தையும் நீதான்டி வெட்டணும். வேற யார் கையும் எனக்கு ஆகாது. வெட்டுவியா?"