திருப்பாத பக்கம்

"நீ கொடுக்காம பின்ன நோட்டுக்குக் கால் முளைச்சு அதுவா நடந்து போச்சா?"

"போயிருக்கும். உன் வாய்க்குப் பயந்து ஓடியிருக்கும்."

"பேச்சை மாத்தாதடி. தையல் மிஷின் சத்தம், மாடிப்படி, கதவுக் கைப்பிடி. ஒண்ணு விடாம அப்படியே அச்சாகி வந்திருக்கு. இந்த நோட்டைப் பார்த்தவ நீ ஒருத்திதான்."

"பார்த்தவங்க எல்லாரும் திருடின்னா இந்தச் சமையலறைச் சுவரையும் சேர்த்துப் பிடி. அதுவும்தான் பார்த்துச்சு."

முதல் மாடியில் இந்தச் சத்தம் எழுந்தபோது காலை பத்து மணி. எதிர் வீட்டு டைப்பிஸ்ட் அம்மா, எப்போதோ காய்ந்துவிட்ட துணிகளை எடுத்து உதறி மறுபடியும் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. அந்த மாடியின் மற்ற கதவுகளும் காற்றுக்காக ஒரு விரற்கடை திறந்துதான் இருந்தன. காற்று அன்று வீசவில்லை என்பது வேறு விஷயம்.

சண்டை போட்டவர்கள் கூடப்பிறந்தவர்கள். ஒரு மாத இதழுக்குப் பதினோரு வருஷமாகப் படக்கதை போட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கச்சிக்காரி படம் வரைபவள், கல்யாணமாகாதவள், அக்கா வீட்டின் பின்னறையில் இருப்பவள். அக்காக்காரி கதையை யோசித்து, எந்தப் பக்கத்தில் எத்தனை கட்டம், எது பெரிசு, எது சின்னது என்று பென்சிலால் பிரித்துக் கொடுப்பவள். படம் வரைவது எல்லாருக்கும் புரிகிற வேலை. கட்டம் போடுவது யாருக்கும் புரிவதில்லை. "தங்கச்சி படம் போடுது, சரி. நீங்க என்ன பண்றீங்க?" என்று கட்டடத்தில் கேட்காதவர்கள் கிடையாது. "நான் உங்களைக் காக்க வைக்கிறேன்" என்பாள் அவள். கேட்டவர்கள் சிரித்து வைப்பார்கள்.

உண்மையில் அவள் வேலை அதுதான். ஒருத்தி மாடிப்படி ஏறுகிறாள் என்று வையுங்கள். முதல் கட்டம் பக்கத்தின் அகலம் முழுக்க இருக்கும். படிகளும் இருட்டும் தெரியும். அடுத்தது பாதி. அதற்கடுத்தது அதிலும் பாதி. பேச்சு குறையும், பிறகு பேச்சே இருக்காது. கட்டங்கள் ஒடுங்க ஒடுங்கப் படிப்பவனுக்கு மூச்சும் ஒடுங்கும். கடைசியில், வலது கைப்பக்கத்தின் கீழ்மூலையில், தீப்பெட்டி அளவு ஒரு கட்டம். அதில் கதவுக் கைப்பிடியும் ஒரு கையும் மட்டும். கதவுக்குப் பின்னால் யார் என்பது தாளின் மறுபுறத்தில் இருக்கும். "கதவைத் திறக்கிறது கதையில வர்ற பொம்பளை இல்ல, தாளைத் திருப்புறவன்" என்பாள் அக்காக்காரி. அதனால் அவளுக்குக் கதையைவிடப் பக்கக் கணக்கு முக்கியம். கேள்வி எப்போதும் வலது பக்கத்தில் முடிய வேண்டும். பதில் திருப்பினால்தான் கிடைக்க வேண்டும். இரண்டும் எதிரெதிரே விழுந்துவிட்டால் ஒரே பார்வையில் குட்டு உடைந்துவிடும்.

இத்தனை கறாரான ஆளுக்கு ஒரு கிறுக்குத்தனமும் உண்டு. நோட்டில் பக்க எண் போடும்போது அட்டையையே ஒன்று என்று எண்ணுவாள். "அட்டையைப் பார்த்ததும் படிக்கிறவனுக்குப் பயம் ஆரம்பிச்சாச்சு, அது பக்கம் இல்லையா?" என்பது அவள் வாதம். ஆகவே அவள் நோட்டில் பதிமூன்று என்றால் அச்சில் அது பன்னிரண்டு. தங்கச்சிக்காரி ஒன்றைக் கழித்து வரைவாள். பதினோரு வருஷப் பழக்கத்தில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை.

ஆண்டு மலருக்கென்று அக்காக்காரி எட்டு மாதம் உட்கார்ந்து ஒரு கதை போட்டிருந்தாள். பூட்டிக் கிடக்கும் தையற்கடையின் மாடியில் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. கடைக்காரி ஏறிப் போகிறாள். கதவைத் திறந்தால், செத்துப்போனதாக அழுது முடித்த சொந்த அண்ணன் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறான். அந்த நோட்டு சமையலறை அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் இருந்தது. தங்கச்சிக்காரி இன்னும் ஒரு கோடுகூட வரைய ஆரம்பிக்கவில்லை. அதற்குள் போட்டி இதழில் அந்தக் கதை, வேறு யாரோ வரைந்து, 'மர்மவேந்தன்' என்ற கேள்விப்படாத ஒரு புனைபெயரில் வந்துவிட்டது. பேருந்து நிறுத்தத்துக் கடையில் இதழை வாங்கிய அக்காக்காரி வீடு வரும்வரை கூடப் பொறுக்கவில்லை. படியேறும்போதே குரல் ஏறிவிட்டது.

"அந்தப் புத்தக ஆபீஸ்லேருந்து உன்னை வேலைக்குக் கூப்பிட்டாங்கதானே போன மாசம்?" என்றாள் அக்காக்காரி இப்போது.

"கூப்பிட்டாங்க. வரலைன்னு சொன்னேன். உன்கிட்டயும் சொன்னேன்."

"வெறுங்கையோட வரலைன்னு சொல்லியிருப்ப."

தங்கச்சிக்காரி தூரிகைகளைத் துடைத்து ஒரு துணியில் சுருட்டினாள். டைப்பிஸ்ட் அம்மா உதறுவதை நிறுத்திவிட்டார்.

"பதினோரு வருஷம் நீ போட்ட கட்டத்துக்குள்ளதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை கூடக் கோட்டைத் தாண்டலை," என்றாள். "அந்தப் புத்தகத்தை ஒழுங்காப் பாரு. கதவையும் ஆளையும் எதிரெதிரே வச்சுக் கெடுத்து வச்சிருக்கு. நான் திருடியிருந்தா இப்படியா பண்ணுவேன்?"

அக்காக்காரிக்கு அது வெறும் தொழில் திமிராகப் பட்டது. "போ, போ" என்றாள். தங்கச்சி போய்விட்டாள். வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதிக்கு, ஒரு பெட்டி, ஒரு பலகை, தூரிகைச் சுருட்டோடு.

ஒரு மணிக்கு அக்காக்காரியின் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். கட்டடத்துக்குக் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். மைத்தூள் ஏறி வலது கட்டைவிரல் எப்போதும் கறுப்பாகவே இருக்கும் மனிதர். மனைவியின் வேலையைப் பற்றி அவருக்கு ஒரே அபிப்பிராயம்: பொம்மைப் புத்தகம். பதினோரு வருஷத்தில் ஒரு இதழைக்கூட அவர் பிரித்துப் பார்த்து இவள் பார்த்ததில்லை.

"நான் அப்பவே நினைச்சேன்," என்றார் தட்டைப் பார்த்துக்கொண்டே. "தங்கச்சின்னாலும் ஒரு எல்லை வேணும். விடு. பொம்மைப் புத்தகம்தானே."

"எட்டு மாசம்ங்க."

"இன்னொண்ணு யோசி. உனக்கா வராது?"

அந்த நேரத்துக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு கரண்டி போட்டாள்.

அவர் போன பிறகு பாத்திரத்தைக்கூடத் தேய்க்காமல் இதழை எடுத்து உட்கார்ந்தாள். தங்கச்சி சொன்னது நெஞ்சில் முள்ளாக நின்றது. பன்னிரண்டாம் பக்கம் இடது கையில், அதன் கீழே கதவுக் கைப்பிடி. பதிமூன்றாம் பக்கம் வலது கையில், முழுப் பக்கத்துக்கு அண்ணன் முகம். இதழைப் பிரித்ததுமே அண்ணன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அதன் பிறகு கடைக்காரி படியேறினால் என்ன, இறங்கினால் என்ன. நோட்டை எடுத்தாள். பன்னிரண்டில் கைப்பிடி, பதிமூன்றில் அண்ணன். எண்ணைக் கழிக்காமல் அப்படியே போட்டிருக்கிறார்கள்.

ஒன்றைக் கழிக்க வேண்டும் என்பது தங்கச்சிக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். நோட்டைப் பார்த்த ஆளுக்கு, ஆனால் அவர்கள் இருவரும் வேலை செய்யும் மேஜையில் ஒரு நாள் கூட உட்காராத ஆளுக்குத்தான் அது தெரியாது. சர்க்கரை டப்பாவை யார் யார் எடுப்பார்கள் என்று யோசித்தாள். வீட்டில் மூன்றே பேர். அதில் ஒருவருக்குக் கீழே நகல் எடுக்கிற மிஷினே இருக்கிறது. அவரைத்தான் சற்றுமுன் இரண்டாவது கரண்டி போட்டு உபசரித்திருந்தாள்.

மறுநாள் விடுதி வாசலில் தங்கச்சிக்காரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மன்னிப்புக் கேட்க வந்தியா, வேலை சொல்ல வந்தியா?"

"ரெண்டுக்கும்."

"எது முதல்ல?"

"வேலை."

"அதான பார்த்தேன்."

அக்காக்காரி பக்கக் கணக்கைச் சொன்னாள். சொல்லி முடிக்கும் முன்பே தங்கச்சிக்கு விளங்கிவிட்டது. "அத்தானா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியலை."

"நேரா கேட்டுட வேண்டியதுதானே."

"கேட்டா இல்லைம்பார். இல்லைன்னு சொன்னா நானும் நம்பிடுவேன். கல்யாணமாகிப் பதினாலு வருஷமா நம்பியே பழகிப்போச்சு."

விடுதியின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, இரண்டு தாளை மடித்து ஒரு குட்டிப் புத்தகம் செய்தார்கள். அக்காக்காரி கட்டம் போட்டாள். முதலில் அகலமாக ஒரு சமையலறை. பிறகு அலமாரி. பிறகு டப்பாவைத் தூக்குகிற ஒரு கை. அடுத்த கட்டங்கள் ஒடுங்கிக்கொண்டே போயின: பாதி இறக்கிய கடைக் கதவு, ஜெராக்ஸ் மிஷின் மூடியின் இடுக்கில் ஒரு வெளிச்சக் கோடு, வந்து விழும் தாள்கள். வலது பக்கத்தின் கீழ்மூலையில் தீப்பெட்டி அளவில் ஒரு ஆளின் முதுகு. யாரோ கூப்பிட்டதுபோல் தலை திரும்பத் தொடங்கியிருக்கிறது. காது வரைக்கும்தான் தெரிகிறது. எங்கும் ஒரு வார்த்தை இல்லை.

"திருப்பினா என்ன போடணும்? அத்தான் முகமா?" என்று கேட்டாள் தங்கச்சிக்காரி.

"ஒண்ணும் போடாத."

"வெறும் தாளா?"

"அவர் பண்ணலைன்னா, யாருன்னு பார்க்கத் திருப்புவார். வெறும் தாளைப் பார்த்துட்டு என்னடி இது முட்டாள்தனம்னு திட்டுவார். திட்டட்டும்."

எந்த மனைவியும் கணவன் தன்னைத் திட்ட வேண்டும் என்று இத்தனை ஆசைப்பட்டிருக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டு முடித்து வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். "புதுசா ஒண்ணு யோசிச்சேன். எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

"எனக்கு என்ன தெரியும் இதைப் பத்தி?" என்று வாங்கினார். முதல் பக்கத்தைச் சும்மாதான் பார்த்தார். அலமாரி வந்ததும் கண் நின்றது. டப்பா வந்ததும் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். அக்காக்காரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தாளின் ஓரத்தில் இருந்த அந்தக் கறுப்புக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ ஆயிரம் விரல்களுக்காகக் கட்டம் போட்டிருக்கிறாள். ஒரு விரலையாவது இத்தனை கிட்டத்தில் பார்த்ததில்லை. அது தாளின் மூலைக்குப் போனது. மூலையை லேசாகத் தூக்கியது. திருப்பிடுங்க என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

விரல் தாளை விட்டது. புத்தகம் மூடிக்கொண்டது.

"நல்லா இருக்கு," என்றார்.

"திருப்பலையே."

"அப்புறம் பார்க்கிறேன். கடையில கொஞ்சம் வேலை."

"இன்னைக்குக் கடை லீவு."

அவர் எழுந்திருக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தார்.

"யாருன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா உங்களுக்கு?"

அவளே புத்தகத்தை வாங்கித் திருப்பிக் காட்டினாள். வெள்ளைத் தாள். அவர் அதை வெகு நேரம் பார்த்தார்.

"நீ என் முகத்தைப் போட்டிருப்பேன்னு..." என்று ஆரம்பித்து, சொன்னது என்ன என்று அப்போதுதான் காதில் விழுந்ததுபோல் நிறுத்திக்கொண்டார்.

"ஏன் போடணும்?"

பிறகு எல்லாம் வந்தது. போட்டி இதழின் ஆசிரியர் அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவராம். கடைக்கு வந்தபோது, நீயும் எதாவது எழுதுவியா என்று கேட்டாராம். எழுதுவேன் என்று வாய் சொல்லிவிட்டதாம். "எனக்கும் ஒரு தடவை என்னோடதுன்னு சொல்லிக்கணும்போல இருந்துச்சு. நீ அடுத்தது யோசிச்சுடுவ. என்னால முடியாது."

"தங்கச்சியைத் துரத்தினேன். எல்லாம் தெரிஞ்சும் உட்கார்ந்து சாப்பிட்டுட்டுத்தானே இருந்தீங்க."

"நீ சமாதானம் ஆயிடுவேன்னு நினைச்சேன்."

"பொம்மைப் புத்தகம்னீங்க."

"எல்லாத்தையும் படிச்சிருக்கேன்," என்றார் அவர். "முதல் கதையிலேருந்து. கடையில வச்சுப் படிப்பேன். அந்தக் கிணத்துக் கதையில கயிறு அறுந்துச்சே, அப்ப என்னால பக்கத்தைத் திருப்பவே முடியலை. உன்னை மாதிரி யாராலயும் போட முடியாது."

இந்த ஒரு வார்த்தைக்காக அவள் பதினோரு வருஷம் காத்திருந்தாள். வந்தது. அதுவும் அந்த அண்ணன் முகத்தைப் போல, வரக்கூடாத பக்கத்தில் வந்து நின்றது. திருடியதைக்கூட என்றாவது ஒரு நாள் மறந்திருப்பாளோ என்னவோ. படித்துவிட்டுப் படிக்காததுபோல் உட்கார்ந்திருந்த அத்தனை சாப்பாட்டு வேளைகளை அவளால் மறக்க முடியவில்லை.

"கையைக் கழுவிட்டுக் கிளம்புங்க," என்றாள்.

அவர் அந்த வாரமே தன் அண்ணன் வீட்டுக்குப் போனார். அங்கிருந்து போட்டி இதழ் இருக்கும் ஊருக்குக் குடிபோனார். தொடர்ச்சி கேட்டார்களாம், நகல் எடுக்க நோட்டு இல்லாததால் மர்மவேந்தன் தானே எழுதினாராம். முதல் கட்டத்திலேயே குற்றவாளியின் பெயரைச் சொல்லிவிட்டார் என்று கேள்வி. அதோடு அந்தப் பெயரை யாரும் பார்க்கவில்லை. கீழே இருந்த கடையில் இப்போது டைப்பிஸ்ட் அம்மாவின் அண்ணன் மகன் செருப்பு விற்கிறான்.

திருட்டுக் கதைக்குப் படம் போட்ட ஓவியர், விஷயம் தெரிந்து விடுதிக்கு மன்னிப்புக் கேட்க வந்தார். பக்கம் தப்பு என்று தனக்கே பட்டதாகவும், கதாசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொன்னார். ஒரு தடவை கேட்டால் போதாதென்று வாராவாரம் வந்தார். அடுத்த வருஷம் தங்கச்சிக்காரி அவரையே கல்யாணம் செய்துகொண்டாள். அக்காவை மன்னித்துவிட்டதாக எல்லாரிடமும் சொன்னாள். ஆனால் தூரிகைச் சுருட்டை அந்த மேஜைக்குத் திரும்பக் கொண்டு வரவில்லை. கல்யாண மண்டப வாசலில், பிறந்ததிலிருந்து "வாக்கா" என்று கூப்பிட்டவள், மற்ற விருந்தாளிகளிடம் சொல்வதுபோலவே "வாங்கக்கா" என்றாள். பத்தாம் நாள் புருஷனோடு காலை ரயிலில் ஊர் மாறிப் போய்விட்டாள்.