குழாய்க்குள் போன கெளுத்தி

ஆராய்ச்சிக்கூடத்து மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவள், காலையில் வந்ததும் அக்கா புருஷனுக்குத்தான் போன் போட்டாள். தொட்டிக்குள் சீறிக்கொண்டு விழவேண்டிய தண்ணீர், ஜலதோஷக்காரன் மூக்கு மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. வேறு மீனாக இருந்தால் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். இதுவோ மலையாற்றுக் கெளுத்தி. பாயும் தண்ணீர் இல்லையென்றால் அதற்கு மூச்சு முட்டிவிடும். நெஞ்சில் இருக்கும் மடிப்புகளால் கல்லைக் கெட்டியாகப் பற்றிக்கொள்வதால் கூடத்தில் அதற்கு உடும்பு என்று பட்டப்பெயர். மலையிலிருந்து கொண்டுவந்ததில் உயிரோடு மிஞ்சியது இது ஒன்றுதான். யாரும் இதுவரை அறியாத இனமா என்று பார்த்துச் சொல்ல மீன் இனங்களை ஆராயும் மேடம் மதியம் வரப்போகிறார்.

அத்தான் குழாய் வேலைக்காரர், வாய் ஓயாதவர். வந்ததும் குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"அடைப்புதான் மச்சினிச்சி. கம்பி விட்டா சரியாப் போயிடும். நீ போய் வாளி கொண்டா."

வாளியோடு திரும்பியவள் தொட்டியைப் பார்த்தாள். கல்லுக்கடியில் இருக்கும் என்று நினைத்திருந்த மீனைக் காணோம். கல்லையெல்லாம் புரட்டிப் பார்த்தாள், இல்லை. தண்ணீர் விழும் குழாயின் வாய் திறந்து கிடந்தது. அதன் வலைமூடியை நேற்றுக் கழுவக் கழற்றியவள், திரும்பப் போட மறந்திருந்தாள். தண்ணீர் வரும் திசையை நோக்கி ஏறுவதுதான் இந்த மீனின் பிறவிக்குணம்.

"அத்தான், கம்பியை விடாதீங்க! அடைப்பு இல்ல அது, மீனு!"

"மீனா? அப்போ மோட்டாரை வேகமா வைப்போம். பீய்ச்சித் தள்ளிடும்."

"ஐயையோ, தள்ளத் தள்ள இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கும். வெள்ளத்துக்கே அசையாத ஜாதி அது. மோட்டாரை நிறுத்துங்க!"

நிறுத்தினார். இழுப்பு நின்றால் பிடியைத் தளர்த்தும் என்று அவளுக்கு நம்பிக்கை. அதற்குள் மூச்சு முட்டிச் செத்துவிட்டால்? குழாயின் வாயிலேயே கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள்.

முதலில் மீசை தெரிந்தது. பிறகு தட்டையான தலை. அப்புறம் முழுசாக வழுக்கி விழுந்து, கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது.

அவள் மூடியைப் போட்டு மோட்டாரை ஓடவிட்டாள். தண்ணீர் சீறியது. செவுள்கள் ஒழுங்காக அசைவதைப் பார்த்ததும், "அப்பாடா!" என்று ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

அத்தான் மட்டும் பேயறைந்தவர் போல நின்றிருந்தார்.

"ஒண்ணு சொன்னா திட்டமாட்டியே? நீ வாளி எடுக்கப் போனப்போ ஒரு தடவை கம்பியை விட்டுட்டேன். மெத்துன்னு ஏதோ தட்டுப்பட்டுச்சு. அழுக்குன்னு நெனச்சேன்."

அவள் பதறி எழுந்து கண்ணாடியில் மூக்கு அழுந்த, மீசையிலிருந்து வால்வரை பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. திட்டத்தான் வாயைத் திறந்தாள், சிரிப்புத்தான் வந்தது.

"ஒண்ணும் ஆகல அத்தான். நல்லா இருக்கு."

"நெசமாவா?"

"நீங்களே வந்து பாருங்க."

அத்தான் குனிந்து பார்த்தார். அப்புறம்தான் கம்பியைக் கீழே போட்டார்.